மலிந்த முதுகும் மறுக்கப்பட்ட எந்திரமும்

உழுது விளைத்தவனைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஏர் பிடித்த கையின் பெருமையைப் புலவர் பாடினர். மேடையேறிய நாமும் முழங்கினோம். தவறில்லை. ஆனால் களத்துமேட்டில் குவிந்த நெல், நம் கலத்தில் சோறாக வந்து விழுவதற்குள் எத்தனை தோள் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தோமா? களத்திலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு, அங்கிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து கிட்டங்கிக்கு, கிட்டங்கியிலிருந்து அரைவை ஆலைக்கு, ஆலையிலிருந்து மீண்டும் கிட்டங்கிக்கு, பின்னர்க் கடைக்கு! ஒவ்வொரு படியிலும் ஒருவன் குனிகிறான், ஒருவன் சுமக்கிறான், ஒருவன் முதுகு நிமிர முடியாமல் நிற்கிறான். விளைத்தவனுக்கு வாழ்த்துப் பா கிடைத்தது. சுமந்தவனுக்குக் கிடைத்தது என்ன? ஒரு சும்மாடு!

தலைக்கும் மூட்டைக்கும் இடையே சுருட்டி வைத்த அந்தப் பழந்துணிதான் நூற்றாண்டு நூற்றாண்டாக நம் சுமைத் தொழிலாளிக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்புக் கருவி. உலகம் அதற்குமேல் ஒன்றும் காணவில்லையா? கண்டது. தானியத்தைத் தூக்கும் எந்திரத்தை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டது. கண்டும் எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஏற்றவரும் எல்லோருக்காகவும் ஏற்கவில்லை. அந்த வரலாற்றைத்தான் இங்கே எடுத்து வைக்கிறோம். பொறிகளின் கதையாகத் தோன்றும் இது, உண்மையில் மனித முதுகின் விலையைப் பற்றிய கதை.

நீருக்கு ஏற்றம், நெல்லுக்கு முதுகு

நீரைத் தூக்கும் கலையில் மனிதன் பழமையானவன். எகிப்தியன் நைல் ஆற்றங்கரையில் நெடுங்கழியின் ஒரு முனையில் சாலும் மறுமுனையில் எடையும் கட்டி நீர் இறைத்தான். நம் உழவனும் ஏற்றம் கண்டான், கவலை கண்டான். சக்கரத்தில் வரிசையாகப் பானைகளைக் கட்டி, மாடு சுற்றச் சுற்ற நீர் மேலேறும் வகையும் கீழை நாடுகளில் வழங்கியது. திருகு வடிவக் குழலைச் சுழற்றி நீரை மேலேற்றும் முறைக்கு ஆர்க்கிமிடீசின் பெயரே நிலைத்துவிட்டது.

நீரை ஏற்ற இத்தனை வழி கண்ட மனிதன், நெல்லையும் கோதுமையையும் ஏற்ற ஏன் வழி காணவில்லை? அறிவு போதாமையா? இல்லை. ஒரு வயலுக்கு வேண்டிய நீரை ஆள் சுமந்து கொட்டி முடியாது. ஆகவே அறிவு வேலை செய்தது. மூட்டையைச் சுமக்கவோ எப்போதும் ஓர் ஆள் இருந்தான். ஆகவே அறிவுக்கு வேலை வைக்கவில்லை. ஆள் இருக்கும் இடத்தில் அறிவை அழைக்க எவரும் முந்துவதில்லை.

ஐரோப்பாவில் காற்றாலை, நீராலை உடையோர் ஓரளவு முந்தினர். மேல்தளத்துக்குத் தானிய மூட்டை போனால்தான் அது தானே சரிந்து இறங்கி அரைகல்லில் விழும். ஆகவே கல்லைச் சுற்றும் அதே காற்றையும் நீரையும் கொண்டு, சங்கிலியில் மூட்டையைக் கட்டி மேலே இழுத்தனர். மூட்டை முட்டினால் திறந்து, அது கடந்ததும் தானே மூடிக்கொள்ளும் கதவுகளைத் தளந்தோறும் வைத்தனர். தூக்கும் பொறியையும் விழாமல் காக்கும் கதவையும் ஒன்றாகவே எண்ணிய அந்தப் பெயர் தெரியாத தச்சர்களை நாம் போற்ற வேண்டும்.

எள்ளி நகையாடப்பட்ட ஆலை

அமெரிக்காவின் டெலவேரில் 1755-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆலிவர் எவன்ஸ். மாவாலையில் நடப்பதை அவர் உற்றுப் பார்த்தார். தானிய மூட்டையை மேலே கொண்டு செல்ல ஆள். அரைத்த மாவை அள்ள ஆள். சூடும் ஈரமுமாக இருக்கும் அந்த மாவை மீண்டும் மேல்தளத்துக்குத் தூக்க ஆள். அங்கே பரப்பிக் கிளறி ஆறவிட ஒரு சிறுவன்! தூக்குபவனின் முதுகு நொந்தது. மிதிப்பவர் காலழுக்கு மாவில் கலந்தது. உழைப்பவனுக்கும் கேடு, உண்பவனுக்கும் கேடு.

1785-ஆம் ஆண்டையொட்டி, ரெட் கிளே என்னும் ஓடைக்கரையில் எவன்ஸ் ஓர் ஆலை அமைத்தார். தோல்வாரில் சிறு சிறு வாளிகளைக் கோத்து, மேலும் கீழும் இரு உருளைகளில் ஓடவிட்டார். வாளிகள் கீழே தானியத்தை மொண்டன. மேலே சென்று கவிழ்த்தன. நீர் இறைத்த பானைச் சக்கரம் கோதுமை இறைக்கத் தொடங்கியது! ஆர்க்கிமிடீசின் திருகைக் கிடையாகப் படுக்கவைத்து, மாவை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தினார். மாவைக் கிளறும் வேலைக்குச் சுழலும் மரக்கை ஒன்றைப் பொருத்தினார். வண்டியிலிருந்து கொட்டிய கோதுமை, மனிதன் கைபடாமல் மாவாகி வெளிவந்தது.

மாவைக் கிளறிய அந்தப் பொறிக்கு வழங்கிய பெயரைக் கேளுங்கள்: 'ஹாப்பர் பாய்'. பாய் என்றால் சிறுவன். எந்தச் சிறுவன் மாவுத் தூசியில் நின்று நாள் முழுதும் கிளறினானோ, அவன் பெயரையே எந்திரம் எடுத்துக்கொண்டது. ஒரு குழந்தையின் வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டதற்குப் பெயரே சான்றாக நிற்கும் இடங்கள் வரலாற்றில் மிகச் சில.

பக்கத்து ஆலைக்காரர்கள் பாராட்டினரா? எள்ளி நகைத்தனர். இந்தச் சலசலப்புச் சரக்கு நமக்கு எதற்கு என்றனர். எவன்ஸ் தளரவில்லை. 1790-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்க நாடு வழங்கிய காப்புரிமைகளுள் அது மூன்றாவது. மறு ஆண்டே ஜார்ஜ் வாஷிங்டன் தம் மவுண்ட் வெர்னன் பண்ணை ஆலையில் அந்த அமைப்பைப் பொருத்தினார். 1795-இல் எவன்ஸ் ஆலைத் தொழிலைப் பற்றி நூல் எழுதி, தம் முறையை நாடறியச் செய்தார். மாவாலைக்குள் எந்திரம் நுழைந்துவிட்டது. ஆனால் துறைமுகத்தில் மனிதன் இன்னும் மூட்டையின் அடியிலேயே கிடந்தான்.

பஃபலோ துறைமுகத்தில் ஒரு சொல்

1825-ஆம் ஆண்டு ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. பேரேரிகளின் வழியே மேற்கிலிருந்து வரும் கோதுமை, பஃபலோ என்னும் நகரில் கப்பலிலிருந்து இறங்கி, கால்வாய்ப் படகில் ஏறி, கிழக்கே நியூயார்க் நோக்கிப் போயிற்று. கப்பலிலிருந்து இறங்குவதும் படகில் ஏறுவதும் தானாக நடந்தனவா? ஐரிஷ் நாட்டிலிருந்து பிழைப்பு நாடி வந்த ஏழைகள் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கினர். மண்வாரி கொண்டு பீப்பாய்களில் அள்ளினர். கப்பியும் கயிறும் கொண்டு இழுத்தனர். தோளில் தூக்கிக் கிட்டங்கிக்கு நடந்தனர். ஒரு முழுக் குழு, நல்ல வானிலையில் ஒரு நாள் முழுதும் உழைத்தால் ஏறத்தாழ 2000 புஷல் இறக்கும் என்பது அந்நாள் கணக்கு. ஒரு புஷல் கோதுமை ஏறத்தாழ 27 கிலோ. அப்படியானால் 2000 புஷல் 54 டன்!  ஒரு குழு, ஒரு பகல், 54 டன்! மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை.

அந்நகர வணிகர் ஜோசப் டார்ட், 1842-ஆம் ஆண்டு ராபர்ட் டன்பார் என்னும் பொறியாளரின் துணையோடு ஒரு கிட்டங்கி கட்டத் தொடங்கினார். எவன்சின் வாளி வாரைப் பெரிதாக்கி, நீராவியால் இயக்கி, நீண்ட மரக்காலுக்குள் பொருத்தி, அந்தக் காலையே கப்பலின் வயிற்றுக்குள் இறக்கினார். எண்ணம் எவன்சுடையது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார் டார்ட். இது உயர்ந்த பண்பு.

அப்போது மற்றொரு வணிகர் டார்ட்டுக்கு அறிவுரை சொல்ல வந்தார். மாலன் கிங்மன் என்பது அவர் பெயர். இந்த முயற்சி பலிக்காது என்று இரங்கினார். ஐரிஷ்காரனின் முதுகைவிட மலிவான தூக்குபொறி உலகில் செய்யப்பட்டதில்லை என்பதை நினைவில் வைக்கச் சொன்னார். இதை நாம் கற்பனை செய்து கூறவில்லை. 1865-ஆம் ஆண்டு பஃபலோ வரலாற்றுக் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் டார்ட்டே பதிவு செய்துள்ள செய்தி இது.

தோழர்களே, அந்தச் சொல்லை ஒருமுறை நிறுத்தி நிதானமாக எண்ணிப் பாருங்கள். அதில் வசை இல்லை, சினம் இல்லை, வாணிகம் மட்டுமே இருக்கிறது. எந்திரம் ஓடாது என்று அவர் சொல்லவில்லை. எந்திரம் தேவையில்லை, முதுகு மலிவு என்றார். உலகெங்கும் சுமைத் தொழிலாளிக்கு எந்திரம் மறுக்கப்பட்டதன் காரணம் அத்தனையும் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

வாணிகக் கணக்கிலும் கிங்மன் தோற்றார். டார்ட்டின் பொறி ஒரு மணி நேரத்தில் 1000 புஷல் தூக்கியது. வாளிகளை நெருக்கி வைத்தபின் அதற்கும் மேலே போயிற்று. ஒரு குழு ஒரு பகலெல்லாம் முறிந்து செய்த வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. பிற வணிகரும் அதே பொறியை நாடினர். பஃபலோ உலகின் தலைசிறந்த தானியத் துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. 1845-இல் தொடங்கிய கொடும்பஞ்சம் ஐரிஷ் மக்களில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேரைக் கொன்று, அதைவிட மிகுதியானோரைக் கடல் கடத்தியது. உணவின்றி ஊர்விட்டு வந்தவர்கள், அக்கரையில் மலைமலையாகக் குவிந்த உணவை வாரும் வேலைக்கு நின்றார்கள்.

எந்திரம் வந்தது, எவருக்காக வந்தது?

எந்திரம் வந்ததும் துன்பம் தொலைந்ததா? தொலையவில்லை. மறைக்காமல் சொல்வதே பகுத்தறிவு.

டார்ட்டின் பொறி, வாளி எட்டும் இடத்துத் தானியத்தை மட்டுமே மொண்டது. கப்பலின் மூலை முடுக்குகளில் கிடந்ததை வாளியருகே தள்ளிவிட ஆள் வேண்டியிருந்தது. அந்த வாரிகள் தூசி மூட்டத்துக்குள் நின்று, எந்திரத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து வாரினர். முன்பு கப்பல் தொழிலாளிக்காகக் காத்திருந்தது. இப்போது தொழிலாளி வாளிக்காக ஓடினான். அவர்களுக்கு வேலை கொடுத்தவனோ சாராயக்கடை நடத்தும் மேலாள்! கூலி கிடைக்கும் இடம் சாராயக்கடை. கூலி கரையும் இடமும் அதே சாராயக்கடை. 1899-ஆம் ஆண்டு, அந்த முறையின் தலைவனாக விளங்கிய வில்லியம் கானர்ஸ் என்பவரை எதிர்த்துப் பஃபலோவின் தானியம் வாரும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கப்பல்கள் நின்றன. அந்நகரத்துக் கத்தோலிக்க ஆயர் குயிக்லியும் தொழிலாளர் பக்கம் நின்றார். சாராயக்கடையில் கூலி வழங்கும் முறையை ஒழித்தே அவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பினர். பளுவைக் குறைத்தது பொறி. இழிவைக் குறைத்தது சங்கம்.

சின்சினாட்டியிலும் சிகாகோவிலும் இறைச்சிக் கூடங்களில் இதே கதை வேறு வடிவில் நடந்தது. கொன்ற விலங்கைச் சங்கிலியில் தொங்கவிட்டு, தலைக்குமேல் ஓடும் தண்டவாளத்தில் நகர்த்தினர். நூறு கிலோவைத் தாண்டும் உடலை மனிதன் புரட்டித் தூக்க வேண்டிய துன்பம் நீங்கிற்று. ஆனால் சங்கிலியின் வேகத்தை வகுத்தவன் முதலாளி. கத்தி பிடித்தவன் அந்த வேகத்துக்குக் கை அசைத்தான். கை தவறியவன் விரல் இழந்தான். இந்தத் தொங்கு தடம் தந்த எண்ணத்தைத்தான் 1913-இல் ஹென்றி போர்டின் மோட்டார்த் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. 1906-ஆம் ஆண்டு அப்டன் சின்கிளேர் 'தி ஜங்கிள்' என்னும் புதினத்தில் அந்தக் கூடங்களின் கொடுமையைத் தோலுரித்தார். அதே ஆண்டு இறைச்சியைச் சோதிக்கச் சட்டம் வந்தது. உண்பவன் தட்டுக்குக் காவல் கிடைத்தது. வெட்டுபவன் கைக்குக் கிடைக்கவில்லை!

பொறிக்கும் வேலி வேண்டும்

தூக்கும் பொறி தன்னளவிலேயே இடரும் ஆகும். கயிறு அறுந்தால்? பளு சரிந்தால்? அமெரிக்காவில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் இந்தக் கேள்விக்கு விடை கண்டார். கயிறு தளர்ந்ததும் பக்கத்துப் பற்களைத் தானே கவ்விக்கொள்ளும் வில்லைத் தம் தூக்குமேடையில் பொருத்தினார். 1854-ஆம் ஆண்டு நியூயார்க் கண்காட்சியில், மேடைமேல் தாமே நின்று கயிற்றை அறுக்கச் சொன்னார். மேடை விழவில்லை. நம்பு என்று அவர் கூட்டத்தைக் கேட்கவில்லை; பார் என்று காட்டினார்.

தானியத்துக்கு மற்றோர் இடரும் உண்டு. மாவும் தானியத் தூசியும் காற்றில் அடர்ந்து கலந்தால், ஒரு பொறி நெருப்புப் பட்டதும் வெடிமருந்து போல் வெடிக்கும். எவன்ஸ் ஆலை கட்டிய அதே 1785-ஆம் ஆண்டு, இத்தாலியின் டூரின் நகரத்து மாவுக் கிட்டங்கி ஒன்றில் விளக்குச் சுடர் பட்டு மாவுத் தூசி வெடித்தது. கடவுளின் சீற்றம் என்று கைகூப்பி நில்லாமல், மொரோசோ என்னும் அறிஞர் காரணத்தை ஆராய்ந்து எழுதினார். ஆயினும் உலகம் செவி சாய்க்கவில்லை. 1878-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் மின்னியாபோலிஸ் நகரில் வாஷ்பர்ன் மாவாலை வெடித்து 18 உயிர் போயிற்று. 1977-ஆம் ஆண்டு டிசம்பர் 22-இல் லூசியானாவின் வெஸ்ட்வேகோ என்னும் ஊரில் தானியத் தூக்குக் கிட்டங்கி வெடித்து 36 பேர் மாண்டனர். தூசியைக் கூட்டி அகற்றுவது முதலிய நெறிகளை வகுத்து, தானியக் கிட்டங்கிகளுக்கென அமெரிக்க அரசு 1987-இல் தனி விதி வெளியிட்டது. டூரினிலிருந்து எண்ணினால் இருநூற்றிரண்டு ஆண்டுகள்! அறிவு கண்டுபிடித்ததை ஆட்சி எழுதிக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

ஆகவே எந்திரம் வேண்டும் என்பது பாதிப் பேச்சு. வேலியிட்ட எந்திரம், சோதித்த சங்கிலி, பயிற்சி பெற்ற ஆள், தூசி அகற்றிய கூடம் வேண்டும் என்பதே முழுப் பேச்சு.

சங்கிலிக்கு முதலில், முதுகுக்குப் பிறகு

சட்டத்தின் நடையையும் பார்ப்போம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1929-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. கப்பலில் செல்லும், 1000 கிலோவோ அதற்கு மேலோ எடையுள்ள பொதிகளின் மீது எடையைப் பொறிக்க வேண்டும் என்றது அது. பளு தெரியாமல் தூக்கிச் சங்கிலி அறுந்து, கீழே நின்றவர் நசுங்காமலிருக்கச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் மனிதன் தன் உடலால் சுமக்கும் எடையைப் பற்றி அதே அமைப்பு உடன்படிக்கை செய்தது எப்போது? 1967-இல்! பாரந்தூக்கியின் சங்கிலி எவ்வளவு தாங்கும் என்று உலகம் கேட்டு, முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தே மனிதனின் முதுகு எவ்வளவு தாங்கும் என்று கேட்டது.

அந்த 1967 உடன்படிக்கை, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு தரும் எடையை எந்தத் தொழிலாளியும் சுமக்கலாகாது என்றது. இயன்றவரை தகுந்த பொறிக் கருவிகளைப் பயன்படுத்துக என்றது. பெண்கள், இளையோர் ஆகியோர்க்கு மேலும் குறைந்த எடை என்றது. உடன் வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை மேல் எல்லையாகக் குறித்தது. இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்றது 2010-ஆம் ஆண்டு மார்ச்சில். இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

நம் நாட்டில் 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் நல்ல சில நெறிகளை வகுத்தது. மின்தூக்கிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பாரந்தூக்கிகள், சங்கிலி, கயிறு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதியுடையவர் சோதிக்க வேண்டும் என்றது. பொறியின் மேல் அது தாங்கும் எடையை எழுது, அதற்கு மேல் ஏற்றாதே என்றது. மனிதனுக்கு? காயம் விளைக்கக்கூடிய அளவு கனமான சுமையைத் தூக்கச் செய்யலாகாது என்று 34-ஆம் பிரிவு சொன்னது. எத்தனை கிலோ என்று வரையறுப்பதை மாநில அரசுகளின் விதிகளுக்கு விட்டது. பொறியின் உடம்பில் எண் எழுதப்பட்டது. மனிதனின் உடம்பில் எண் எழுத எவரும் விரையவில்லை.

அறிவியல் அந்த எண்ணைத் தேடியது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1990-களில் வகுத்த கணக்கின்படி, எல்லாச் சூழலும் ஏற்றதாக அமைந்தாலும் இரு கையால் தூக்கத்தக்க எடை 23 கிலோவே. குனிந்து எடுத்தால் குறையும். உடல் திருகினால் குறையும். அடிக்கடி தூக்கினால் இன்னும் குறையும். ஏன்? வகுப்பறையில் நாம் கற்பிக்கும் நெம்புகோல் பாடமே விடை. முதுகுத் தண்டைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் தசை, அதிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில் வேலை செய்கிறது. குனிந்தவன் கையிலுள்ள மூட்டையோ 50 சென்டிமீட்டர் முன்னே தொங்குகிறது. பத்து மடங்கு தொலைவு. ஆகவே தசைக்குப் பத்து மடங்கு இழுவை. மூட்டை 50 கிலோ என்றால் தசை ஈடுகட்ட வேண்டியது 500 கிலோ! எலும்புகளுக்கு இடையே மெத்தையாக இருக்கும் மெல்லிய வட்டு அத்தனையையும் வாங்கிக்கொள்கிறது. ஒரு நாள் தாங்கும், ஓராண்டு தாங்கும். பிதுங்கியபின் மருந்து உண்டு; முன்னிருந்த முதுகு இல்லை.

தலைச்சுமையும் தலையெழுத்தும்

இனி நம் வீட்டுக் கதவைத் தட்டுவோம். 1965-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், உழவர் திருநாளாம் பொங்கலன்று, நெற்களஞ்சியமாம் தஞ்சையில் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது. நாட்டின் பசி தீர்க்கும் பெருந்தொழில் நம் மண்ணில் கால்கொண்டது. அந்தக் கழகத்தின் சணல் சாக்கு 50 கிலோ கொள்வது. அறிவியல் குறித்த 23 கிலோவுக்கு இரு மடங்கைத் தாண்டிய சுமை. கிட்டங்கியில் அட்டி உயர உயர, பலகையில் ஏறி அதைச் சுமக்கிறது ஒரு முதுகு. மறுபுறம், பஞ்சாபின் மோகாவில் எழுந்த இரும்புக் குதிர்களில் 2007 முதல் கோதுமை சாக்கின்றிச் சேமிக்கப்பட்டு, தனி ரயில்பெட்டிகளில் சென்னைக்கும் கோவைக்கும் வந்து, பொறியாலேயே குதிருக்குள் ஏறியது. ஆக, நம்மாலும் முடியும். எங்கே மனம் வைத்தோமோ அங்கே முடிந்தது.

பின் ஏன் எங்கும் முடியவில்லை? பஃபலோவில் கிங்மன் சொன்னதையே இங்கே வேறு சொல்லில் சொன்னார்கள். அங்கே 'மலிவு' என்றார்கள். இங்கே 'தலையெழுத்து' என்றார்கள். அங்கே ஏழ்மை முதுகை மலிவாக்கியது. இங்கே ஏழ்மையோடு சாதியும் சேர்ந்துகொண்டது. சுமப்பவன் பிறப்பாலேயே சுமக்க வேண்டியவன் என்று கற்பித்துவிட்டால், அவனுக்கு எந்திரம் தேடும் எண்ணம் எவருக்கு வரும்? தலைச்சுமையை நியாயப்படுத்தவே தலையெழுத்து கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எழுத்தை எழுதியவன் மேலுலகத்தில் இல்லை. கணக்குப் புத்தகத்தோடு கல்லாவில் அமர்ந்திருக்கிறான்.

எந்திரம் வந்தால் எங்கள் வேலை போகும் என்று சுமைத் தொழிலாளர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை எள்ளுவோர் பகுத்தறிவாளர் ஆகார். பசித்த வயிற்றுக்கு நோகும் முதுகைவிட இல்லாத கூலியே பெருந்துன்பம். ஆனால் தேர்வு இந்த இரண்டுக்கும் இடையில்தான் என்று வகுத்தவர் யார்? மராட்டியம் 1969-இல் மாத்தாடித் தொழிலாளருக்குச் சட்டம் செய்தது. கேரளம் 1978-இல் தலைச்சுமைத் தொழிலாளருக்குச் செய்தது. தமிழ்நாடு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளருக்குச் செய்தது. வேலையை ஒழுங்கு செய்யவும் நலநிதி திரட்டவும் சட்டத்தால் முடியும் என்பதற்கு இவை சான்று. அப்படியானால் சுமந்தவனையே பொறி இயக்குபவனாகப் பயிற்று, அவன் கூலியைக் குறைக்காதே, பொறி தந்த ஊதியத்தில் அவனுக்கும் பங்கு கொடு என்பதையும் சட்டமாக்க முடியும். எந்திரத்தை எதிர்ப்பதல்ல வழி. எந்திரத்தின் பயனில் பங்கு கேட்பதே வழி.

எல்லா இடத்துக்கும் பெருங்குதிர் வேண்டியதில்லை. முதலில் சாக்கைச் சிறிதாக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம், மனம் போதும். தோளுக்குப் பதில் தள்ளுவண்டி, பலகைக்குப் பதில் நகரும் வார், ரொட்டிக் கூடத்தில் பிசைந்த மாவுத் தொட்டியை உயர்த்திக் கவிழ்க்கும் தூக்குபொறி, ஆலையில் எவன்சின் வாளி வார், கிட்டங்கியில் கவைவண்டி. கவைவண்டி ஓடும் தடத்தில் ஆள் நடக்காதபடி கோடு கிழித்து, ஓட்டுபவனுக்குப் பயிற்சி அளித்து, தூக்கும் எடையை எழுதி வைத்தால் அதுவே பாதுகாப்பு. உணவோடு கலக்கக்கூடிய இடத்தில் ஓடும் பொறிக்கு உணவுக்கு ஊறு செய்யாத எண்ணெய் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. உழைப்பவன் நலமும் உண்பவன் நலமும் எவன்சின் காலத்திலிருந்தே ஒரே கயிற்றின் இரு புரிகள்.

இளைஞர்களே, உங்கள் ஊரில் அரிசி ஆலை இருக்கும். எண்ணெய்ச் செக்கு இருக்கும். ரொட்டிக் கூடம் இருக்கும். கொள்முதல் நிலையம் இருக்கும். கொடி கட்டும் முன் அங்கே ஒருமுறை செல்லுங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். மூட்டையின் எடை என்ன? ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை தூக்குகிறார்? தூக்க உதவும் பொறி ஏதேனும் உண்டா? உண்டெனில், அதைக் கடைசியாகச் சோதித்த நாள் எது? கிடைத்த விடையைத் தாளில் எழுதுங்கள். தொழிலாளரோடு அமர்ந்து அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சங்கத்தின் கோரிக்கையில் கூலிக்கு அடுத்த வரியில் எடையையும் எழுதச் சொல்லுங்கள்.

முதுகு மலிவாக இருக்கும்வரை எந்திரம் தானாக வராது. ஆகவே முதல் வேலை, முதுகின் விலையை உயர்த்துவது. அது கோயில் வாயிலில் உயராது. கோரிக்கைத் தாளில் உயரும்.